பெருக்கிப் பார்த்தது போதும், கழித்துப் பாருங்கள்!



சபுருக்குப் புறப்படும் இளைஞனிடம் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சம்பளம் எவ்வளவு?" பள்ளிவாசல் ஹவுளில் ஒளூச் செய்கிறவர் கேட்கிறார். டீக்கடையில் கேட்கிறார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். "இரண்டாயிரம் திர்ஹம்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவரின் மனம் பெருக்கல் போட்டுவிடுகிறது. ஒரு திர்ஹத்துக்கு 24 ரூபாய் என்றால் 48 ஆயிரம் ரூபாய்! மாஷா அல்லாஹ்!

"சாப்பாடும் வாடகையும் போக மிச்சம் எவ்வளவு?" என்று கேட்பார் எவருமில்லை.

சம்பளம் திர்ஹத்தில் வருகிறது என்பதை நினைவில் வைக்கிற நாம், செலவும் திர்ஹத்தில்தான் போகிறது என்பதை மறந்துவிடுகிறோம். வரவைப் பெருக்கிப் பார்க்கிறோம். செலவைக் கழித்துப் பார்ப்பதில்லை. இந்த ஒரு மறதியால் எத்தனை வீடுகளில் நகை அடகுக் கடைக்குப் போயிருக்கிறது! எத்தனை இளைஞர்கள் இரண்டாண்டு உழைத்துக் கடனை மட்டும் அடைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்!

சபுர் நமக்குப் புதிதல்ல. கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று கடல் கடந்து தொழில் செய்த முன்னோர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1970களில் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகள் ஆள் தேடத் தொடங்கியபோது கீழக்கரையும் காயல்பட்டினமும் அதிராம்பட்டினமும் கூத்தாநல்லூரும் கப்பலும் விமானமும் ஏறின. அந்தச் சம்பாத்தியத்தில் எழுந்த வீடுகளும் பள்ளிக்கூடங்களும் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. ஆகவே "போகாதீர்கள்" என்று சொல்ல வரவில்லை. கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள் என்கிறோம்.

இளைஞர்களே! ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

துபையில் 2000 திர்ஹம் சம்பளம். தங்குமிடம் உங்கள் பொறுப்பு, சாப்பாடு உங்கள் பொறுப்பு, வேலைக்குப் போய் வருவதும் உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். தேராவிலோ பர்துபையிலோ ஒரு அறையில் பலரோடு ஒருவராக ஒரு கட்டில், அதாவது 'பெட் ஸ்பேஸ்'. இடத்துக்கு இடம் வாடகை மாறும். 700 திர்ஹம் என்று எழுதுங்கள். அறைக்காரர்கள் சேர்ந்து சமைக்கும் மெஸ்ஸில் பங்கு 450. மெட்ரோவிலும் பஸ்ஸிலும் இரண்டு மண்டலங்களுக்குள் போய்வர மாதச் சீட்டு 230. தொலைபேசிக்கு 75. சோப்பு, சலவை, முடிவெட்டு, எப்போதாவது ஒரு டீ, ஒரு பரோட்டா எல்லாம் சேர்த்து 95. கூட்டிப் பாருங்கள்: 1550 திர்ஹம். மிச்சம் 450. இப்போது உங்கள் பெருக்கலைப் போடுங்கள்: 10,800 ரூபாய்.

எங்கே போயிற்று அந்த 48 ஆயிரம்?

இன்னொரு வேலையைப் பாருங்கள். சம்பளம் 1300 திர்ஹம்தான். ஆனால் கம்பெனி கேம்ப்பில் கட்டில் இலவசம்; கம்பெனி பஸ்ஸே ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடும். மெஸ், தொலைபேசி, சில்லறைச் செலவு மூன்றும் சேர்ந்து 620 திர்ஹம். மிச்சம் 680. ரூபாயில் 16,320!

இரண்டாயிரம் பெரிதா, ஆயிரத்து முந்நூறு பெரிதா? ஊர் இரண்டாயிரக்காரனைத்தான் பெரியவன் என்று சொல்லும். அவன் வீட்டுக்கு வரும் பணமோ குறைவு. இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்றரை லட்சம் கடன் வாங்கிப் போயிருந்தால், ஆயிரத்து முந்நூறுக்காரர் பத்தாம் மாதத்தில் கடனிலிருந்து விடுபடுவார். இரண்டாயிரக்காரருக்கு 14 மாதம் வேண்டும். அதுவரை அவர் வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் இருக்கவேண்டும். முடியுமா?

ஆகவே வேலை சொல்லும் முகவரிடம் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். தங்குமிடம் யார் பொறுப்பு? சாப்பாடு யார் பொறுப்பு? வண்டி யார் பொறுப்பு? அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், முதலாளி தங்குமிடம் தரவேண்டும், அல்லது அதற்குரிய தொகையைத் தரவேண்டும் என்கிறது. ஆனால் அந்தத் தொகையைச் சம்பளத்துக்குள்ளேயே அடக்கிவிடவும் இடம் தருகிறது. "எல்லாம் சேர்த்து இரண்டாயிரம்" என்ற ஒரே வார்த்தைக்குள் உங்கள் கட்டிலும் அடங்கிப் போய்விடும்! கத்தாரைப் பாருங்கள். அங்கே 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1000 ரியால். முதலாளி சாப்பாடு தராவிட்டால் அதற்கு 300 ரியால், தங்குமிடம் தராவிட்டால் அதற்கு 500 ரியால் தனியாகத் தரவேண்டும். சாப்பாட்டையும் கட்டிலையும் பிரித்துக் கணக்கிட வேண்டும் என்பதை ஒரு நாட்டின் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நாம் மட்டும் ஏன் மொத்தக் கணக்கில் மயங்கவேண்டும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விட்டுத் திரும்பும்போது கிடைக்கும் பணிக்கொடை அதை வைத்துத்தான் கணக்கிடப்படும். அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். 2000 திர்ஹமும் அடிப்படை என்றால் ஆண்டுக்கு 1400 திர்ஹம் சேரும். அடிப்படை 800, மற்றவை படிகள் என்று எழுதியிருந்தால் சேர்வது 560தான். ஒரு வரி எழுத்து உங்கள் பணத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும்.

கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனமே குர்ஆனில் மிக நீளமான வசனம் என்பதை ஒவ்வொரு மத்ரஸா மாணவனும் அறிவான். எழுத்தின் அருமையை இவ்வளவு தெரிந்த சமுதாயம், பிள்ளையின் இரண்டாண்டு உழைப்பை மட்டும் வாய்ப்பேச்சை நம்பி ஒப்படைக்கலாமா? அமீரகத் தொழில் அமைச்சகம் வேலைக் கடிதத்தைத் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் தர ஏற்பாடு செய்திருக்கிறது. அந்த மொழிகளில் தமிழும் உண்டு. கேட்டு வாங்குங்கள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

போவதற்கு முன்பே ஆகும் செலவுக்கு வருவோம். பதிவுபெற்ற முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு இந்திய அரசு வகுத்திருக்கும் உச்சவரம்பு 30 ஆயிரம் ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும். அதற்கு ரசீதும் தரவேண்டும். நம் ஊர்களில் கைமாறும் தொகை எவ்வளவு? ஒரு லட்சம், ஒன்றரை லட்சம்! ரசீது? "நம்ம ஆள்தானே!" என்பதுதான் ரசீது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு வளைகுடா நாடுகள் உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அவர்களுக்குக் கட்டாயமான காப்பீடு ஒன்று இருக்கிறது. இரண்டாண்டுக்கு 275 ரூபாய். விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய். ஒன்றரை லட்சத்தை எண்ணிக் கொடுக்கிறவர்கள் இந்த 275 ரூபாயைப் பற்றிக் கேட்பதில்லை!

இதைவிடக் கொடுமை, விசிட் விசாவை வேலை விசா என்று சொல்லி அனுப்புவது. விசிட் விசாவில் வேலை பார்க்கச் சட்டம் இடம் தராது. வேலை தேடித் திரியும் நாள்களிலும் கட்டிலுக்கும் மெஸ்ஸுக்கும் காசு கொடுத்தாகவேண்டும். விசா முடிந்தபின் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் 50 திர்ஹம். இருபது நாள் தங்கினால் 1000 திர்ஹம், 24 ஆயிரம் ரூபாய்! சம்பாதிக்கத் தொடங்குவதற்கு முன்பே அந்த நாட்டுக்குக் கடன்காரனாகிவிடுகிறான் நம் பிள்ளை.

வேலை உறுதியாகி இறங்கினாலும் முதல் மாதம் சோதனைதான். சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். கட்டில்காரர் முதல் நாளே கை நீட்டுவார். ஆகவே சம்பளமில்லாத முதல் ஆறு வாரச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். இல்லாவிட்டால் அங்கே இறங்கியதும் இரண்டாவது கடன். ஊர்ப் பழக்கத்தையும் விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். துபையில் கண்ட இடத்தில் சாலையைக் கடந்தால் 400 திர்ஹம் அபராதம். மெட்ரோவுக்குள் தின்றால் 100. நாம் மேலே போட்ட கணக்கில் ஒரு மாத மிச்சமே 450தான் என்பதை மறக்காதீர்கள்!

கட்டிலைப் பிடிக்கும்போதும் எச்சரிக்கை தேவை. பலகை வைத்துத் தடுத்த அறைகளில் வாடகை குறைவு என்று பலர் போகிறார்கள். 2025 ஜூனில் துபை மாநகராட்சி ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா, ரஃபா பகுதிகளில் அனுமதியில்லாத் தடுப்பறைகள் மீது நடவடிக்கை எடுத்தது. தீ விபத்துக்கு இடமாக இருப்பதே காரணம். நூறு திர்ஹத்தை மிச்சப்படுத்தப் போய், உயிரைப் பணயம் வைக்கவேண்டாம். ஒரே நாளில் பெட்டியோடு தெருவில் நிற்கவும் வேண்டாம்.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள நினைக்கும் சகோதரர்களே! 4000 திர்ஹம் சம்பளம், அல்லது 3000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் அமீரகத்தில் மனைவி மக்களுக்கு விசா எடுக்கலாம். அது விசா வாங்கும் தகுதி. குடும்பம் நடத்தப் போதுமான தொகை அதுதான் என்று யாரும் சொல்லவில்லை. ஆண்டுக்கு 50 ஆயிரம் திர்ஹம் வாடகையில் துபையில் ஒரு சிறு வீடு என்று வையுங்கள். நான்கு காசோலைக்கு வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் முதல் தவணை 12,500. முன்பணம் நூற்றுக்கு 5 வீதம் 2500. தரகருக்கு வழக்கமான நூற்றுக்கு 5 வீதம் 2500. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்குக் காப்புத் தொகை 2000. ஒரு வாளி, ஒரு பாய் வாங்குவதற்கு முன்பே 19,500 திர்ஹம். நம் காசில் 4 லட்சத்து 68 ஆயிரம்! அதோடு முடியவில்லை. வாடகையில் நூற்றுக்கு 5 வீதம் வீட்டுக் கட்டணமாக மாநகராட்சிக்குப் போகும். மாதம் 208 திர்ஹம் மின்கட்டணச் சீட்டிலேயே சேர்ந்து வரும். கோடையில் ஏ.சி.யை நிறுத்த முடியாது. சில கட்டடங்களில் குளிர்நீருக்குத் தனிச் சீட்டு வரும். வேலை செய்பவருக்கு மருத்துவக் காப்பீடு முதலாளியின் பொறுப்பு. மனைவி மக்களுக்கு உங்கள் பொறுப்பு. பள்ளிக் கட்டணம் ஒன்று, பள்ளி வண்டிக் கட்டணம் வேறொன்று. ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் வாடகை குறைவுதான். அங்கே குடியிருந்து துபையில் வேலை பார்ப்பவரைக் கேளுங்கள், காலையும் மாலையும் சாலையில் கழியும் மணிகளுக்கு விலை என்ன என்று! வாகனம் வைத்திருந்தால் சுங்க வாயில் ஒன்றுக்கு நெரிசல் நேரத்தில் 6 திர்ஹம். 2025 ஜனவரி கடைசியில் வந்த ஏற்பாடு இது.

சவூதிக்குப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. உடன் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் என்று 2017 ஜூலையில் தொடங்கிய கட்டணம், ஆண்டுக்கு நூறாக ஏறி 2020 ஜூலையில் 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். நம் பணத்தில் மூன்றே கால் லட்சத்துக்கும் மேல்! அங்கே வாட் வரியும் 2018இல் 5 சதவீதமாக வந்து, 2020 ஜூலையில் 15 சதவீதமாயிற்று. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் ஊருக்கே திரும்பின.

"ரூபாய் விழுந்துகொண்டே இருக்கிறதே, நமக்கு லாபம்தானே!" என்று சிலர் மகிழ்கிறார்கள். 1995 தொடக்கத்தில் ஒரு திர்ஹம் எட்டரை ரூபாய். 2025இல் 23 ரூபாயைத் தாண்டியது. திர்ஹத்தை டாலரோடு கட்டி வைத்திருக்கிறார்கள், அது அசைவதில்லை. நம் ரூபாய்தான் கீழே இறங்குகிறது. ரூபாய் விழுந்ததற்காக துபை வீட்டுக்காரர் வாடகையைக் குறைத்தாரா? மெஸ் பங்கு குறைந்ததா? இல்லை. ஊரிலோ அரிசியும் சிமெண்டும் மனை விலையும் ஏறிவிட்டன. அனுப்புகிற திர்ஹம் கூடாமல் ரூபாயின் எண்ணிக்கை மட்டும் கூடினால், அதைச் செல்வம் என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

வணிகப் பெருமக்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை.

அங்கே பகாலாவோ கஃப்டீரியாவோ வைத்து நடத்துகிறவர்கள் நம்மில் பலர். வாடகைக் காசோலை, லைசென்ஸ், ஆள் ஒன்றுக்கு விசாச் செலவு, ஆண்டு விற்பனை 375,000 திர்ஹத்தைத் தாண்டினால் வாட் பதிவு, ஆண்டு லாபம் அதே தொகையைத் தாண்டினால் 2023 முதல் 9 சதவீத வரி. உங்கள் பாரம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தப் பாரத்தை ஊரிலிருந்து வந்த பிள்ளையின் தோளில் இறக்கலாமா? விசாச் செலவு என்று சொல்லி மாதாமாதம் அவன் சம்பளத்தில் பிடிக்கிறவர்கள் நம்மில் இல்லையா? ஆள் எடுக்கும் செலவை நேராகவோ சுற்றியோ தொழிலாளியிடம் வசூலிக்கக்கூடாது என்று அந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கவும் சட்டம் இடம் தரவில்லை. "நம்ம ஊர்ப் பையன், நாம் சொன்னால் கேட்பான்" என்ற உரிமையில் அந்தச் சட்டத்தை மீறினால் அது உறவா, சுரண்டலா? அந்நியர் செய்தால் அநியாயம் என்று கூட்டம் போடுகிறோம். நம்மவர் செய்தால் "வேலை கொடுத்தாரே" என்று சால்வை போர்த்துகிறோம். இந்த இரட்டை அளவுகோல் இனியும் வேண்டாம்!

ஊரிலிருந்து கொண்டு சபுருக்குக் கடன் கொடுக்கும் வசதி படைத்தவர்களே! பிள்ளை வட்டிக் கடைக்குப் போவதற்கு முன் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். அவனிடம் கணக்குத் தாளைக் கேளுங்கள். மிச்சம் எவ்வளவு, எத்தனை மாதத்தில் திருப்புவான் என்று பார்த்து, எழுதிக் கொடுங்கள். வட்டியோடு ஏறும் விமானத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்? நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 4500 ரூபாய். மிச்சமே 10,800 என்கிறபோது அசல் எப்போது குறையும்?

விடுமுறையில் வரும் சபுராளிச் சகோதரர்களே! மிக முக்கியமான பொறுப்பு உங்களுடையது. அத்தரும் மிட்டாயும் போர்வையும் பெட்டி பெட்டியாகக் கொண்டு வருகிறீர்கள். எட்டுப் பேர் இருந்த அறையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. குப்பூஸும் தயிருமாக ஓடிய மாதக் கடைசிகளைச் சொல்வதில்லை. உங்கள் மௌனத்தைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டுப் பிள்ளை பாஸ்போர்ட் எடுக்கிறான். மானம் போய்விடும் என்று நீங்கள் மறைக்கும் கணக்கு, இன்னொருவன் குடியைக் கெடுக்கிறது. வீட்டிலும் சொல்லுங்கள். சபுராளி வீடு என்றால் மீன்காரரே ஒரு விலை கூட்டிச் சொல்லும் ஊர் இது. மாதம் இவ்வளவுதான் மிஞ்சும் என்று தாயும் மனைவியும் தெரிந்துகொண்டால் அவர்களும் அதற்கேற்பக் குடும்பம் நடத்துவார்கள். கல்யாணச் செலவையும் வீட்டு மாடியையும் அந்தக் கணக்குக்குள் அடக்கிக்கொள்வார்கள்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய மாநாடு வேண்டாம். ஒவ்வொரு ஜமாஅத்திலும் வாரம் ஒரு நாள் அஸருக்குப் பிறகு ஒரு மேசை, இரண்டு நாற்காலி போதும். சபுரிலிருந்து திரும்பிய, படித்த இருவர் அங்கே உட்காரட்டும். புறப்படும் ஒவ்வொரு பிள்ளையும் வேலைக் கடிதத்தை அங்கே காட்டட்டும். முகவர் பதிவுபெற்றவரா? கொடுத்த பணத்துக்கு ரசீது உண்டா? விசா எந்த வகை? தங்குமிடம், சாப்பாடு, வண்டி யாருடையது? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? செலவு போக மிச்சம் எவ்வளவு? கடன் எத்தனை மாதத்தில் தீரும்? இந்த ஏழு கேள்விக்கும் பதில் எழுதிய தாள் ஒன்று பிள்ளையிடமும் ஒன்று பெற்றோரிடமும் இருக்கட்டும். பதில் இல்லாத கேள்வி ஒன்று இருந்தாலும் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப் போடட்டும். ஒரு மாதத் தாமதம் இரண்டாண்டு நட்டத்தைவிட மலிவு!

கணக்குப் போட்டபின் மிச்சம் போதாது என்று தெரிந்தால்? அதுவும் லாபமே. முகவருக்குக் கொடுக்க வைத்திருந்த ஒன்றரை லட்சம் கையில் இருக்கிறது. ஏ.சி. பழுது பார்ப்பது, மின்வேலை, கணக்குப் பதிவு என்று ஒரு கைத்தொழிலை அதில் ஒரு பங்கு செலவழித்துக் கற்றுக்கொள்ளுங்கள். நாளை சபுருக்கே போனாலும் தொழில் தெரிந்தவன் கேட்கும் சம்பளம் வேறு. போகாவிட்டால் ஊரிலேயே கடை வைக்கலாம்.

இளைஞர்களே! அடுத்த முறை "சம்பளம் எவ்வளவு?" என்று ஊர் கேட்டால், "மிச்சம் இவ்வளவு" என்று பதில் சொல்லுங்கள். அந்தப் பதில் உங்கள் கையில் இல்லையென்றால் பெட்டியைக் கட்டாதீர்கள்.

கணக்கிட்டுப் புறப்படுவோம்! கடனின்றித் திரும்புவோம், இன்ஷா அல்லாஹ்!